மருந்தும் நஞ்சும் ஒரே செடியில்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர் இமாம் சிறிது நேரம் பேசுவது நம் ஜமாஅத்தின் வழக்கம். இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். நம் பழனி மலையிலும் அதன் அடிவாரத்திலும் பூக்கும் மருந்துச் செடிகளைப் பற்றியும், அவற்றுள் அடங்கியிருக்கும் வேதிப்பொருள்களைப் பற்றியும் பேச விரும்புகிறேன். அதற்குக் காரணம் உண்டு. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் என்னிடம் கேட்கப்படும் வினாக்களில் தொழுகை, ஜகாத், வாரிசுரிமை பற்றியவை போக, மருந்து பற்றியவையும் பல. மூட்டு வலிக்குக் கண்வலிக்கிழங்கை அரைத்துக் குடிக்கலாமா? சர்க்கரைக்கு நித்தியகல்யாணிப் பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? கொடைக்கானலில் வாங்கிய தைலத்தைச் சளி பிடித்த பிள்ளைக்கு இரண்டு சொட்டு உள்ளே கொடுக்கலாமா? கேட்பவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே சொல்லைச் சொல்வார்கள்: "மூலிகைதானே ஹஜ்ரத், என்ன செய்துவிடப் போகிறது?"

அந்தச் சொல்லுக்குத்தான் இன்றைய உரை முழுவதும் மறுமொழி. மூலிகை என்ன செய்யும் என்பதை நாம் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பழனி மலைத்தொடர் ஏறத்தாழ 2000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கீழே பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் முள்ளும் புதரும் நிறைந்த வறண்ட நிலம். மேலே 2000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் சோலைக்காடும் புல்வெளியும். ஒரே நாளில் பேருந்தில் ஏறி இறங்கக்கூடிய தொலைவுக்குள் இத்தனை வகை நிலமும் தட்பவெப்பமும் அமைந்திருப்பதால் செடிகொடிகளும் அத்தனை வகைகளாக உள்ளன. செண்பகனூரில் வாழ்ந்த ஆங்கிலாடு பாதிரியார் போன்றோர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவற்றைத் தேடித் தேடிச் சேகரித்தனர். பின்னர் திருச்சி புனித வளனார் கல்லூரியில் ரபினாட் உலர்தாவரக் காட்சியகத்தை நிறுவிய மாத்யூ பாதிரியார், இம்மலையின் தாவரங்களைத் தொகுத்து 1999ஆம் ஆண்டு மூன்று தொகுதிகளாக நூல் வெளியிட்டார். அறிவைத் தேடி உழைத்தவர் எம்மார்க்கத்தவராயினும் அவர் உழைப்பை மதிப்பது நம் கடமை.

செடி ஏன் தனக்குள் வேதிப்பொருளைச் செய்துகொள்கிறது? மனிதனுக்கு மூட்டு வலிக்கும் என்பது அதற்குத் தெரியாது. மானும் ஆடும் வந்து மேயும்போது செடியால் எழுந்து ஓட முடியாது. புழுவும் பூஞ்சணமும் தாக்கும்போது கையால் தட்டிவிட முடியாது. ஆகவே படைத்தவன் அதற்குக் கசப்பையும் காரத்தையும் நஞ்சையும் காவலாக வைத்தான். அந்தக் காவல்பொருள்களில் சில, மிகச் சிறிய அளவில் மனித உடலுக்குள் சென்றால் நோயின் போக்கை மாற்றுகின்றன. மருந்து என்று நாம் சொல்வது பெரும்பாலும் அளவு அறிந்து ஆளப்பட்ட நஞ்சேயாகும். பழனி மலையை ஒட்டி வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. போகர் பெயரால் வழங்கும் நவபாஷாணக் கதையை இவ்வூரில் கேளாதார் யார்? பாஷாணம் என்றாலே நஞ்சுதான்.

இப்போது கண்வலிக்கிழங்குக்கு வருகிறேன். இதற்குச் செங்காந்தள், கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்றெல்லாம் பெயர்கள் உண்டு. கிழங்கு கலப்பையைப் போல் இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒரு பெயர். கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதால் இன்னொரு பெயர். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கொடியாகி, அருகில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூவின் ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து, முதலில் பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாளாக நாளாகத் தீக்கொழுந்தைப் போல் சிவக்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களின் வரிசை காந்தளில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுவே.

காட்டிலும் வேலியோரத்திலும் தானாக வளர்ந்த இந்தக் கொடி, இன்று ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கங்களில் பணப்பயிராகப் பயிரிடப்படுகிறது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த சிலரும் பயிரிடுகிறார்கள். வேறு சிலர் அந்தத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். அது என்ன வேலை என்பது இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகி, பக்கவாட்டில் வளைந்து நிற்கும். ஆதலால் மகரந்தம் தானாகச் சென்று சேர்வது அரிது. காலை வெயில் ஏறுவதற்கு முன், பூப்பூவாகச் சென்று மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் கையால் தொட்டு வைக்க வேண்டும். அப்படி உழைத்தால்தான் காய் பிடிக்கும். காய்க்குள் விதை கிடைக்கும். அந்த விதைதான் வியாபாரிகள் வழியாக மருந்து ஆலைகளுக்கும் வெளிநாட்டிற்கும் செல்கிறது. விலையோ ஏறினால் மலை, இறங்கினால் பள்ளம். குறைந்தபட்ச விலை வேண்டுமென்று விவசாயிகள் பலமுறை கோரிக்கை வைத்திருக்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை என்பது என் கருத்து. வாங்குபவர் ஒரு சிலராகவும் விற்பவர் பலராகவும் இருக்குமிடத்தில் பேரம் சமமாக அமையாது.

விதைக்கு ஏன் அவ்வளவு விலை? அதில் கோல்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. 1820ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் பெல்லத்தியே, கவந்து என்ற இரு மருந்தியலார், அந்நாட்டில் இலையுதிர் காலத்தில் பூக்கும் வேறொரு செடியின் கிழங்கிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் சின்கோனா மரப்பட்டையிலிருந்து குளிர்காய்ச்சலுக்கான குயினைனைப் பிரித்தெடுத்தவர்களும் அவர்களே. 1833இல் ஜெர்மனியைச் சேர்ந்த கைகர் இப்பொருளைத் தனியாக ஆராய்ந்து கோல்சிசின் என்று பெயரிட்டார். நம் கண்வலிக்கிழங்கிலும் அதே பொருள் உள்ளது என்பதை 1915ஆம் ஆண்டு ஆங்கில வேதியியலார் நிறுவினர். கிழங்கில் இருப்பதைவிட விதையில் செறிவு அதிகம்.

இங்கே நம் முன்னோர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். ஐரோப்பியச் செடி என்று குறிப்பிட்டேனே, அதன் இனத்தைச் சேர்ந்த கிழங்குக்கு யூனானி மருத்துவத்தில் சூரிஞ்சான் என்று பெயர். மூட்டு வலிக்கு மஃஜூன் சூரிஞ்சான் வாங்கிச் சாப்பிட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் குழுவினர் கிரேக்க மருந்து நூல்களை அரபியில் பெயர்த்தார்கள். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு சீனா தம் அல்கானூன் நூலில் தனிமருந்துகளுக்கென்று ஒரு பகுதியையே ஒதுக்கி, சூரிஞ்சானையும் அதில் சேர்த்தார். மூட்டு வீக்கத்திற்கு இந்தக் கிழங்கு உதவும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் அத்தோடு நின்றுவிடவில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். யூனானி ஹகீம்கள் சூரிஞ்சானை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒன்று ஷீரீன், அதாவது இனிப்பு, மற்றொன்று தல்க், அதாவது கசப்பு. இனிப்பை மட்டுமே உள்ளுக்குக் கொடுத்தார்கள். கசப்பு நஞ்சு என்று சொல்லி, மேலே பூசுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். உள்ளுக்குக் கொடுப்பதைக்கூடத் தனியாகக் கொடுக்காமல், அதன் கேட்டைத் தணிக்கும் முஸ்லிஹ் என்ற துணைப்பொருளைச் சேர்த்தே கொடுத்தார்கள். மருந்துகளின் வேகத்தை நான்கு படித்தரங்களாக வகுத்து, நான்காம் தரத்தை உயிர்க்கேடு என்று ஒதுக்கிய மரபு அது. நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் இல்லாத காலத்தில் இத்தனை எச்சரிக்கை!

தமிழ் மருத்துவத்திலும் இப்படியே. கண்வலிக்கிழங்கைச் சித்த மருத்துவர்கள் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். மக்கா சென்று யாகோபு என்று பெயர் பெற்றதாக மரபு கூறும் இராமதேவரைத் தம் வரிசையில் வைத்துப் போற்றும் வைத்திய மரபு அது. ஆக, யூனானியோ சித்தமோ, "மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது" என்று எந்த ஹகீமும் எந்த வைத்தியரும் சொல்லவில்லை. அது நாமாகக் கட்டிக்கொண்ட சொல்.

கோல்சிசின் உடலில் என்ன செய்கிறது? நம் உடலின் ஒவ்வோர் அணுவறைக்குள்ளும் நூலைப் போன்ற நுண்குழல்கள் உள்ளன. அணுவறை இரண்டாகப் பிரியும்போது உள்ளடக்கத்தைச் சரிபாதியாக இழுத்துப் பங்கிடுபவை அவையே. வெள்ளணுக்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்வதற்கும் அவை வேண்டும். இந்த நுண்குழல்கள் எந்தப் புரதத்தால் ஆனவையோ அதைக் கோல்சிசின் பிடித்துக்கொள்கிறது. குழல் கட்டப்படுவது நின்றுபோகிறது. கீல்வாதத்தில் யூரிக் அமிலம் கண்ணாடித் துகளைப் போல் மூட்டுக்குள் படிய, வெள்ளணுக்கள் அங்கே படையெடுத்து வீக்கத்தையும் தாங்கொணா வலியையும் உண்டாக்குகின்றன. கோல்சிசின் அந்தப் படையை வழியிலேயே தடுக்கிறது. வலி தணிகிறது. இதே விதையிலிருந்து கிடைக்கும் இன்னொரு பொருளைக் கொண்டு, முதுகுப் பிடிப்புக்குக் கொடுக்கும் தயோகோல்சிகோசைடு என்ற மாத்திரையும் செய்யப்படுகிறது.

அண்மைக்காலத்தில் இதயத்திற்கும் இம்மருந்தைச் சோதித்துள்ளனர். மாரடைப்பு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கொடுத்த ஓர் ஆய்வு 2019இல் கனடாவிலிருந்து வெளிவந்தது. மீண்டும் கேடு நேர்வது குறைந்தது என்று அது கூறியது. 2023இல் அமெரிக்க மருந்து ஆணையம் இதய நோய்க்கு இம்மருந்தை அனுமதித்தது. ஆனால் 2024இல் வெளியான வேறொரு பெரிய ஆய்வில் அந்த நன்மை காணப்படவில்லை. நல்ல மருந்தென்று பெயர் பெற்றதையும் மீண்டும் மீண்டும் நிறுத்துப் பார்க்கிறார்கள். நாமோ பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காக விழுங்குகிறோம்.

நான் குறிப்பிட்ட அளவை மறந்துவிடாதீர்கள்: அரை மில்லிகிராம். ஒரு கிராமை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அந்தத் துல்லியத்தை அம்மியும் கைப்பிடியும் தருமா? ஒரே தோட்டத்தின் இரண்டு கிழங்குகளில்கூட மருந்தின் செறிவு ஒன்றாக இராது. ஈரக்கிழங்கு வேறு, காய்ந்தது வேறு. வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். கொதிநீரில் இந்த நஞ்சு அழிவதில்லை. இலங்கையில் இக்கிழங்கை வற்றாளைக் கிழங்கு என்று தவறாக எண்ணி அவித்துத் தின்று உயிரிழந்தோரைப் பற்றி அந்நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கும் இது புதிதன்று. தவறுதலாகத் தின்றவர்களும் உண்டு. மனம் வெறுத்துத் தின்றவர்களும் உண்டு. இரண்டாவது வகையைப் பற்றிக் கூட்டத்தில் பேசத் தயங்குகிறோம். பேசாமலிருப்பதால் அது குறைவதில்லை. தோட்டம் வைத்திருப்போர் விதைக்கிழங்கை வீட்டுத் திண்ணையில் குவித்து வைக்காதீர்கள். பூட்டிய அறையில் வையுங்கள். வீட்டில் ஒருவர் வாடியிருப்பது தெரிந்தால் அவரோடு அமர்ந்து பேசுங்கள். எங்களிடமும் சொல்லுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

இந்த நஞ்சின் வஞ்சகம் அது வேலை செய்யும் முறையில் இருக்கிறது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பார்ப்பவர்கள் ஏதோ உணவு ஒவ்வாமை என்று நினைப்பார்கள். ஒரு நாளில் அது சற்று அடங்கியது போலத் தோன்றும். வீட்டார் நிம்மதியடைந்து ஆளை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். இரண்டாம் நாளுக்குப் பின்னர்தான் எலும்பு மஞ்சை, சிறுநீரகம், இதயம் என ஒவ்வொன்றாகத் தளரும். அணுவறைகள் பிரிவது நின்றுபோனதன் விளைவு அது. பிழைத்தவர்களுக்கும் இரண்டு மூன்று வாரங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு; பின்னர் வளர்ந்துவிடும். இதற்கென்று கடையில் கிடைக்கும் மாற்று மருந்து கிடையாது. விரைவில் மருத்துவமனை சேர்ப்பது ஒன்றே வழி.

மாத்திரையாக உண்பவர்களுக்கும் ஒரு சொல். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குக் கோல்சிசின் உடலில் தேங்கிவிடும். கிளாரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லிகளோடு சேர்ந்தாலும் அப்படியே. அதனால் உயிரிழந்தோர் உண்டு. காய்ச்சலுக்கென்று மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை கேட்டு வாங்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்திலிருந்து இனி மலைக்கு ஏறுவோம். கொடைக்கானல் கடைத்தெருவில் தைலப் புட்டி வாங்காமல் திரும்புவோர் குறைவு. இரண்டு வகைத் தைலங்களை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஒன்று யூகலிப்டஸ். இது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட மரம். இலையிலுள்ள சினியோல் என்ற பொருள்தான் மூக்கடைப்பைத் திறக்கும் அந்த மணத்தைத் தருகிறது. மற்றொன்று வின்டர்கிரீன். இதைத் தரும் புதர்ச்செடி நம் உயர்மலைகளில் இயற்கையாக வளர்வது. வெண்ணிறச் சிறு பூக்கள், பின்னர் நீலக் கனிகள். இலையைக் கசக்கினால் வலிநிவாரணக் களிம்பின் வாடை வரும். அதிலுள்ள மெதில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. இன்று விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி ஆலையில் செய்யப்பட்டது. ஆயினும் பொருள் ஒன்றே.

மேலே தேய்த்துக்கொள்ள இரண்டுமே நல்லவை. உள்ளே சென்றால்? ஒரு தேக்கரண்டி வின்டர்கிரீன் தைலத்தில், பெரியவர்களுக்கான ஆஸ்பிரின் மாத்திரைகள் ஏறத்தாழ இருபதுக்கு நிகரான மருந்து அடங்கியிருக்கிறது. தவழும் குழந்தையின் உயிரைப் போக்க அந்த ஒரு தேக்கரண்டி போதும். யூகலிப்டஸ் தைலம் குடித்த பிள்ளைகளுக்கு வலிப்பு வருவதுண்டு. ஆகவே சளிக்கு இரண்டு சொட்டு உள்ளே என்ற பேச்சு வேண்டாம். சுற்றுலா முடிந்து வந்து புட்டியை அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கும் வழக்கமும் வேண்டாம்.

மலையில் நீரோடைக் கரைகளில் எக்காளத்தைப் போல் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெண்பூக்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஊமத்தை இனத்தோடு சேர்ந்த அயல்நாட்டுச் செடி. அழகு பூ முழுவதும், நஞ்சு செடி முழுவதும். மயக்கம் தரும் என்று கேள்விப்பட்டுச் சோதித்துப் பார்க்கும் விடலைகள் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது பிதற்றலும் நெஞ்சுப் படபடப்பும்தான். ஆனால் அதே குடும்பத்துச் செடிகளிலிருந்து கண்டெடுத்த அட்ரோபின் ஊசிதான் பூச்சிமருந்து குடித்தவரை நம் அரசு மருத்துவமனைகளில் பிழைக்க வைக்கிறது.

நித்தியகல்யாணியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு விடை சொல்லாமல் முடிக்கக்கூடாது. இந்தச் செடியைச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கும் வழக்கம் நம் ஊரில் மட்டுமன்று. கடல் கடந்த ஜமைக்காத் தீவிலும் இருந்தது. கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் அதைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள்தாம் குறைந்தன. அவர்கள் அந்த இலையைத் தூக்கி எறியவில்லை. வெள்ளணுவைக் குறைப்பது எதுவோ அது இரத்தப் புற்றுநோயை அடக்கக்கூடும் என்று எண்ணித் தொடர்ந்தார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் வெளிப்பட்டது. அதையடுத்து வேறு ஆய்வாளர்கள் கண்ட வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றளவும் கொடுக்கப்படுகிறது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். எனவே கஷாயம் குடித்துப் புற்றுநோயைத் தீர்க்கலாம் என்பதும் நடவாது; சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூவை நம்பினால் காலும் கண்ணும் சிறுநீரகமும்தான் கெடும். பரீட்சிக்க விரும்பினால் மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது யூனானி மஃஜூன், சித்த மருந்து, நாட்டு மருந்துக்கடைப் பொடி என்று வீட்டில் உண்பவை அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள் நம்மில் பலர். திட்டு வாங்கினால் தேய்ந்துவிட மாட்டோம்.

எவரேனும் கிழங்கையோ விதையையோ தைலத்தையோ விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால் 108ஐ அழையுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தைலமானால் அது மூச்சுக்குழலில் ஏறிவிடும். மிச்சமிருக்கும் கிழங்குத் துண்டையோ, புட்டியையோ, வாந்தியில் கண்ட விதையையோ ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு உண்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாந்தி நின்றுவிட்டது, ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பாதீர்கள்.